காத்து வீங்கி

"அக்கா, எனக்கு எப்ப வீங்கும்?"

தம்பி இப்படிக் கேட்டபோது அவனுக்கு நாலு வயது. நோயாளி படுத்திருக்கும் அறைக்குள் வரக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவனும் ரொம்ப நல்ல பிள்ளையாக நிலைப்படிக்கு வெளியே நின்று, கால் கட்டைவிரலை மட்டும் உள்ளே வைத்திருந்தான்.

கட்டிலில் கிடந்த அக்காவுக்கு இரண்டு கன்னமும் வீங்கி, கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. அவன் கேட்டதும் சிரித்துவிட்டாள். சிரித்ததில் காதுக்குக் கீழே சுள்ளென்று இழுத்தது. வலி தாங்காமல் அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து அவனும் ஒரு பாட்டம் அழுதான்.

அந்தக் கேள்வி இத்தனை வருடம் எங்கே போய் ஒளிந்திருந்ததோ! இன்று காலை சமையலறையில் உட்கார்ந்து கல்லில் சுக்கு இழைத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கார வாசனையோடு சேர்ந்து கிளம்பி வந்தது.

அக்காவின் கை அப்படியே நின்றது.

உள்ளே கட்டிலில் அதே தம்பிதான் சாய்ந்திருந்தான். இப்போது ஆறடி ஆள். லிஃப்ட் மெக்கானிக். அவன் நெஞ்சில் தலையை வைத்து, இரண்டு கன்னமும் வீங்கிப்போய் அக்காவின் மகள், வீட்டில் செல்லமாகக் கூப்பிடும் குண்டூசி, படுத்திருந்தாள். ஒரே போர்வை, ஒரே தலையணை.

அவனுக்கு அப்போது வீங்கியதா? நிஜமாகவே வீங்கியதா?

குண்டூசி கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. துணிக்கொடியில் போட்ட துணி அங்கேயே கிடந்தது. குண்டூசியின் அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். எந்தக் கடலில் யாருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாரோ, அவருக்குச் சேதியே போய்ச் சேரவில்லை.

தெருமுனையில் ஆயுர்வேத வைத்தியசாலை நடத்தும் டாக்டரம்மா குழந்தையின் காதுக்குக் கீழே விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். "பொன்னுக்கு வீங்கி" என்றார்.

"பொன்னுன்னா தங்கமா?" என்று கேட்டாள் குண்டூசி.

"ஆமா."

"அப்ப எனக்குத் தங்கம் குடுப்பீங்களா?"

"கஷாயம் குடுப்பேன்" என்றார் டாக்டரம்மா.

பிறகு அக்காவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, சூடு பார்த்து, ஒத்தடம் கொடுக்க வேண்டும். சுக்கும் கடுக்காயும் இழைத்து, மஞ்சள் சேர்த்து, இளஞ்சூட்டில் பற்றுப் போட வேண்டும். காய்ந்ததும் துடைத்துவிட வேண்டும். மெல்லுகிற மாதிரி எதுவும் வேண்டாம், குழையக் கரைத்த கஞ்சி போதும். புளிப்பு நாக்கில் படக் கூடாது, எச்சில் ஊறினால் வலி உயிர் போகும்.

"தலைவலி தாங்கலைன்னு சொன்னாலோ, வாந்தி எடுத்தாலோ, கழுத்தை வளைக்க முடியலைன்னாலோ என்கிட்ட வராதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. இன்னொண்ணு. இது வராதவங்க யாரும் பக்கத்துல வரக் கூடாது. முக்கியமா வளர்ந்த ஆம்பளைங்க."

சேதி கேட்டதும் தம்பி வேலை செய்த கையோடு, எண்ணெய்க் கறை காயாத சட்டையோடு ஓடிவந்தான். வாசலிலேயே அக்கா தடுத்தாள்.

"எனக்குத்தான் சின்ன வயசுலயே வந்தாச்சேக்கா! உனக்கும் எனக்கும் ஒண்ணாத்தானே வந்துச்சு? அம்மா ரெண்டு பேருக்கும் பத்துப் போட்டாங்களே, மறந்துட்டியா?"

ஆமாம், போட்டாள்தான். அக்காவுக்கும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது, மஞ்சள் கன்னத்தோடு இரண்டு பிள்ளைகள். தலையாட்டிவிட்டு வழிவிட்டாள்.

தம்பியின் பின்னால் அவன் மனைவி ரேடியோவும் வந்திருந்தாள். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிறவள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று நாளெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தும் நிறுத்த மாட்டாள். கல்யாணமான புதிதில் தம்பி வைத்த பேர் அது. அவளுக்கே பிடித்துப்போய் நிலைத்துவிட்டது.

அந்த ரேடியோ அன்று கிளம்பும்போது மாடிப்படியில் நின்று, குரலைத் தணித்துக்கொண்டு, கிசுகிசுவென்று ஒன்று சொன்னாள்.

"அண்ணி, நாங்க இந்த மாசத்துலருந்து ஆஸ்பத்திரிக்குப் போறோம். குழந்தைக்காக. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. ரெண்டு பேருக்கும் குறை ஒண்ணும் இல்ல, வைத்தியம் பண்ணினா நிக்கும்னு சொல்லிட்டாங்க. நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேணாம். அவரு யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்காரு. எனக்குத்தான் மனசு தாங்கலை. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

அக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். எத்தனை வருடமாகக் காத்திருக்கிற பெண்!

இப்போது அந்தக் கையில் சுக்குச் சாந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுப்பில் கஷாயம் சுண்டிக்கொண்டிருந்தது. சீந்தில் தண்டு போட்டது, கசப்பென்றால் கசப்பு, அடித்தொண்டையில் உட்கார்ந்துகொண்டு நகராது. குண்டூசியிடம் அம்மா கெஞ்சிப் பார்த்தாயிற்று, மிரட்டிப் பார்த்தாயிற்று. வழி கண்டுபிடித்தவன் தம்பிதான். மாமா ஒரு வாய், மருமகள் ஒரு வாய். ஒரே டம்ளர். அவர்கள் இருவருக்கும் ஒப்பந்தம்.

அக்கா கஷாயத்தை வடிகட்டினாள். அலமாரியிலிருந்து இன்று இரண்டு டம்ளர் எடுத்தாள்.

"எதுக்குக்கா ரெண்டு? கழுவறதுக்கு ஆளு வச்சிருக்கியா?" என்றான் தம்பி.

"இல்ல, உனக்குத் தனியா..."

"தனியா வேணாம்." குண்டூசி பல்லைப் பிரிக்காமலே பேசினாள். வாயைத் திறந்தால் வலிக்கும். "மாமா டம்ளர்ல கொஞ்சமா ஊத்துவே. எனக்கு நிறைய ஊத்துவே. எனக்குத் தெரியும்."

"பாத்தியா? கன்னம் வீங்கினாலும் வக்கீல் பேச்சு குறையலை."

"ஒரே டம்ளர். இல்லேன்னா குடிக்க மாட்டேன்."

அக்கா காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சொல்லிவிடலாம். ஆனால் என்னவென்று சொல்வது? அவன் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். கேட்ட பிறகு நிஜமாகவே அவனுக்கும் வந்திருக்கலாம். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்தால் இன்னொன்றுக்கும் வருவதுதானே வழக்கம்? அரைகுறை ஞாபகத்தை வைத்துக்கொண்டு எதற்கு அவனைக் கலவரப்படுத்துவது? குண்டூசி நேற்று ராத்திரியிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. முதலில் இதைக் குடிக்கட்டும்.

"சரி, ஒரே டம்ளர்" என்றாள்.

தம்பி ஒரு வாய் குடித்தான். முகத்தைக் கோணினான். "மூணாம் மாடியில கஷாயம் ஏறியாச்சு. கதவு மூடுது. கீழே போகுது... போகுது... ரெண்டாம் மாடி, முதல் மாடி. தொப்புள்! எல்லாரும் இறங்குங்க."

குண்டூசி சிரித்து, வலித்து, "ஆ" என்றாள். அந்தத் திறந்த வாய்க்குள் அவன் ஒரு மடக்கை ஊற்றினான். டம்ளர் திரும்ப அவன் உதட்டுக்குப் போனது. திரும்ப அவளிடம். அது போய்ப் போய் வருவதை அக்கா கடைசி மடக்குவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா வேலை பார்க்கும் சலவை நிலையம் அடுத்த தெருவில் இருந்தது. லீவு நீட்டிக்க நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். "ஓடிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினாள்.

உள்ளே நீராவி வழக்கம்போல் கண்ணாடி ஜன்னல்களில் வழிந்துகொண்டிருந்தது. ஹோட்டல் விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. மடிக்கிற மேசைக்காரியை எல்லாரும் மடிப்பம்மா என்பார்கள். தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தவள் அக்காவைப் பார்த்ததும் விரிப்பின் இரண்டு முனைகளை நீட்டினாள். பெரிய விரிப்பை ஒருவர் மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகிப் போக வேண்டும்.

"யாருக்கு வந்துருக்கு? பொண்ணுக்கா?"

"ஆமாம்மா. என் பொண்ணுக்குத்தான் பொன்னுக்கு வீங்கி."

"பாவம். போயிடும், பயப்படாதே."

விரிப்பு உதறி நின்றது. அக்கா நெருங்கி வரும்போது மெதுவாகக் கேட்டாள். "ஏம்மா, பெரிய ஆம்பளைக்கு வந்தா என்ன ஆகும்?"

மடிப்பம்மா சுற்றிலும் பார்த்தாள். முனையை வாங்கிக்கொள்கிற சாக்கில் காதருகே வந்தாள்.

"கன்னத்தோட நிக்காதுடி. கீழ இறங்கும்."

"அய்யோ."

"எங்க வீட்டுக்காரருக்கு வந்துச்சே! நாடகத்துல ராஜா வேஷம் போட்டவன் மாதிரி காலை அகட்டி அகட்டி நடந்தாரு. அவரோட அண்ணன் ஒரு பாவி, 'கிரீடத்தை எங்கடா வச்சே'ன்னு கேட்டு கேட்டு மானத்தை வாங்கிட்டாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்புறம்?"

"அப்புறம் என்ன? மூணு பெத்தேன். ஒண்ணொண்ணும் ஒரு ராஜாதான்." மடிப்பம்மா விலகிப் போனாள். உதறினாள். திரும்ப வரும்போது குரல் மாறியிருந்தது. "ஆனா அவரோட கூட்டாளி ஒருத்தருக்கும் அப்ப வந்துச்சு. அவங்களுக்குக் கடைசிவரைக்கும் குழந்தை இல்ல."

"அதனாலதானா?"

"யாரு கண்டா? அந்தாளு சம்சாரம் மட்டும் அதனாலதான்னு சாகிறவரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சு."

விரிப்பு மடிந்து சின்னதாகி மேசையில் உட்கார்ந்தது. அக்கா முதலாளியின் மேசைக்குப் போய் லீவு சொன்னாள். அப்படியே அங்கிருந்த போனில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். "பயப்பட வேணாம். பெரியவங்களுக்கு வந்தாலும் எல்லாருக்கும் அப்படி ஆகறதில்ல. ஆனாலும் குழந்தைக்கு எதிர்பார்த்துட்டு இருக்கறவர்னா விஷப்பரீட்சை எதுக்கு? தள்ளியே இருக்கட்டும். ஏற்கெனவே வந்திருந்தா ஒண்ணும் பிரச்னை இல்ல. அவருக்கு வந்திருந்துச்சா?"

"வந்துச்சுன்னு அவன் சொல்றான் டாக்டர்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

பின்னால் சலவை எந்திரம் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. "கேட்டுச் சொல்றேன்" என்று அக்கா போனை வைத்தாள்.

யாரிடம் கேட்பது? பதில் தெரிந்தவள் அம்மா ஒருத்திதான். அந்தக் காய்ச்சல் வந்து போன அடுத்த வருடமே அவள் இறந்துபோனாள். அப்பாவும் இப்போது இல்லை.

வீட்டுக்கு வந்தபோது தம்பி வறுத்த உப்பை முடிந்து, தன் கழுத்தில் வைத்துச் சூடு பார்த்து, குழந்தைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான். பாந்தமாகத்தான் செய்தான். பெரிய பெரிய இரும்புக் கதவுகளைப் பிரித்து மாட்டுகிற கை, துணி முடிச்சைப் பூப்போல ஒற்றி எடுத்தது.

அக்கா சாந்தைச் சின்னக் கரண்டியில் சூடாக்கி எடுத்து வந்தாள். மணிக்கட்டின் உள்பக்கம் தொட்டுப் பார்த்தாள். சரியான சூடு.

"கொஞ்சம் தள்ளிக்கோடா. பத்துப் போடணும்."

"பத்தெல்லாம் வேணாம்" என்றாள் குண்டூசி. "ரெண்டு போடு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

தம்பி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அக்கா இடது கன்னத்திலிருந்து காதின் கீழ்வரை தடவினாள். குழந்தை துள்ளியது.

"எரியுது! அம்மா, எரியுது!"

"கொஞ்ச நேரம்தான்டி கண்ணு. சுக்கு இல்ல? அப்படித்தான் இருக்கும்."

"ஏய், பொய் சொல்லாதே" என்றான் தம்பி. "இது எரியவே எரியாது. எங்க அம்மா மாமாவுக்குப் போட்டப்ப குளுகுளுன்னு இருந்துச்சு தெரியுமா? மழையில முகத்தைக் காட்டுற மாதிரி."

அக்காவின் விரல் கன்னத்திலேயே நின்றது.

"குளுகுளுன்னா இருந்துச்சு?"

"ஆமாக்கா. உனக்கு ஞாபகம் இல்ல? அம்மா உள்ளங்கை முழுக்க எடுத்து, கன்னம் மொத்தத்தையும் மூடி வச்சாங்க. மோதிரம் இங்க பட்டுச்சு, சில்லுனு." தாடை ஓரத்தைத் தொட்டுக் காட்டினான். "அம்மா முகம் எனக்குப் போட்டோவுல பாத்த முகம்தான். குரல் சுத்தமா ஞாபகம் இல்ல. அந்தக் கை மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். யாரும் சொல்லிக் குடுக்காம நானா வச்சிருக்கறது அது ஒண்ணுதான்."

இதைச் சொல்லும்போது அவன் முகம் நாலு வயதுக்குப் போய் வந்தது.

சுக்குப் பற்று சூட்டோடு போடுவது, பட்டதும் எரியும். அக்காவுக்குப் போட்டபோது அவள் கட்டில் சட்டத்தைக் கடித்தாள். குளுகுளுவென்று இருந்தால் அது பற்றே இல்லை. இனி அவளுக்குச் சந்தேகப்பட எதுவும் மிச்சமில்லை. அன்றைக்கு நடந்தது முழுவதும், விளக்கைப் போட்டதுபோல் தெரிந்தது.

நிலைப்படியில் நின்று அவன் அழுத அழுகை ஓயவில்லை. அக்காவுக்கு மட்டும் கன்னம் இருக்கிறது, தனக்கு இல்லையாம். சமாதானம் செய்து அலுத்துப்போன அம்மா, குடத்துத் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சளைக் கரைத்து, "இந்தா, உனக்கும் வீங்கிருச்சு, போதுமா?" என்று அவன் இரண்டு கன்னத்திலும் பூசிவிட்டாள். அவனுக்கு அப்படியொரு பெருமை. வாய் நிறையக் காற்றை அடைத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டு நாள் முழுக்க வீட்டைச் சுற்றினான். யாராவது பேச்சுக் கொடுத்தால் கையால் சைகை காட்டினான், பேச முடியாதாம். அப்பா வேலையிலிருந்து வந்து, "என்ன இவனுக்கும் வந்திருச்சா?" என்று பதறியபோது அம்மா சொன்னாள்: "பெரியவளுக்குப் பொன்னுக்கு வீங்கி. சின்னவனுக்குக் காத்து வீங்கி."

அக்கா மறுகன்னத்துக்கும் பூசி முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"டேய், சமையலறைக்கு வா."

"இரு, பத்து காயட்டும். நான் எழுந்தா இவ துடைச்சிடுவா."

"இப்பவே வா."

குரலைக் கேட்டு எழுந்து வந்தான். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அக்கா உட்காரவில்லை.

"உனக்கு வரலைடா."

"என்ன வரலை?"

"பொன்னுக்கு வீங்கி. எனக்கு மட்டும்தான் வந்துச்சு."

"போக்கா! அம்மா பத்துப் போட்டது எனக்கு இன்னும் கன்னத்துல இருக்கு, நீ வேற."

"அது பத்து இல்லடா. வெறும் மஞ்சத்தண்ணி. உனக்கும் வீங்கணும்னு அழுதே. சமாதானத்துக்குப் பூசிவிட்டாங்க. அப்புறம் நாளெல்லாம் கன்னத்துல காத்தை அடைச்சுட்டுத் திரிஞ்சே. காத்து வீங்கின்னு அம்மாதான் பேர் வச்சாங்க."

"காத்து வீங்கி..." அவன் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். "அம்மா அப்படிச் சொன்னது ஞாபகம் இருக்குக்கா. இந்த நோய்க்கு அது இன்னொரு பேருன்னு நெனைச்சுட்டு இருந்தேன்."

சிரிக்கப் பார்த்தான். பாதியில் விட்டுவிட்டான்.

"அப்ப அது மருந்து இல்லையா?"

"இல்லடா."

"சும்மா வச்ச கையா?"

அக்கா அவன் பக்கம் குனிந்தாள். "எனக்கு வீங்கினதால வச்சாங்க. உனக்கு ஒண்ணும் இல்லாமலே வச்சாங்கடா."

அவன் தலைகுனிந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரேகைகளில் எல்லாம் போகாத கிரீஸ். குனிந்த தலை மெதுவாக நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"அக்கா. வராத ஆம்பளைங்க கிட்ட வரக் கூடாதுன்னுதானே வாசல்ல நிறுத்துனே?"

"ம்."

"உனக்கு இது எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"காலையில. சுக்கு இழைக்கும்போது."

"கஷாயத்துக்கு முன்னாடியா, அப்புறமா?"

அக்கா அடுப்பின் பக்கம் திரும்பினாள். அவன் பார்வை அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது.

"அதான் ரெண்டு டம்ளர் எடுத்தியா?"

"எனக்கு நிச்சயமாத் தெரியலைடா. இப்ப நீ குளுகுளுன்னு சொன்ன பிறகுதான்... அவ நேத்துலருந்து ஒண்ணுமே குடிக்கலை. உதடெல்லாம் வெடிச்சுக் கிடந்துச்சு. இந்த ஒரு தடவை குடிச்சிரட்டும்னு... எப்படியும் ரெண்டு மூணு நாளா நீ பக்கத்துலதான் இருக்கே. ஒட்டறதா இருந்தா முன்னாடியே ஒட்டியிருக்கும்."

"இருக்கலாம்."

"என்னைத் திட்டிடுடா."

"திட்டலைக்கா. நீ வேணும்னு செய்வியா? உனக்குத் தெரியாது, அதான்." அவன் வாசற்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி, வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னான். "யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு இருந்தோம். நாங்க இந்த மாசத்துலருந்து குழந்தைக்காக..."

"தெரியும்டா. ரேடியோ சொன்னா."

வாயிலிருந்து வந்துவிட்டது. தம்பி மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"தெரியுமா?"

அக்கா அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ரேடியோ நின்றிருந்தாள். பேருந்து நிலையச் சீருடை, சட்டையில் குத்திய அடையாள அட்டை. ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள். இன்னொன்று காலிலேயே இருந்தது. கையில் கஞ்சி பிளாஸ்க்கை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் வேண்டிய அளவு கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

"நீ எப்ப..." என்று எழுந்தான் தம்பி.

உள்ளேயிருந்து குண்டூசி கத்தினாள். "அம்மா! காஞ்சு இழுக்குது! துடைச்சு விடு!"

அக்காவுக்குக் கால் நகரவில்லை. தம்பி உள்ளறைப் பக்கம் ஓரடி வைத்தான். பிறகு நின்றுவிட்டான்.

ரேடியோ மற்றச் செருப்பையும் கழற்றினாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் நடந்து, அடுப்பின் மேலிருந்த வெந்நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, விரல் விட்டுச் சூடு பார்த்தாள். கொடியிலிருந்து மெல்லிய துணி ஒன்றை எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலேயே வந்து போய்விட்டது. அவள் உள்ளே போகலாம்.

காய்ந்த பற்றை நனைத்து நனைத்து, இழுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்தாள். பிளாஸ்க்கைத் திறந்து கஞ்சியை ஆற்றி, கரண்டியின் நுனியால் ஊட்டினாள். குண்டூசி நாலைந்து வாய் ஒழுங்காகக் குடித்தாள். பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அத்தை, ஏன் பேச மாட்டேங்கறே? உனக்கும் வாயைத் திறந்தா வலிக்குதா?"

ரேடியோ அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் குண்டூசி. "சரியாயிடும்."

கஞ்சி இறங்கியதும் குழந்தைக்குக் கண் செருகியது. ரேடியோ போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். கரண்டியையும் கிண்ணத்தையும் கொண்டுவந்து கழுவிக் கவிழ்த்தாள். புறங்கையை முந்தானை இல்லாத சீருடையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"இரும்மா, ஒரு நிமிஷம்" என்றாள் அக்கா. "நான் சொல்றதைக் கேளு. நான் அவனுக்குச் சொல்லணும்னுதான்..."

ரேடியோ வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். தம்பி சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தேடினான். அது எங்கோ போர்வைக்குள் விழுந்து கிடந்திருக்க வேண்டும். அவன் வெறும் கையோடு நின்றான்.

அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை தூங்குகிற வீட்டில் எப்படிச் சாத்த வேண்டுமோ அப்படி, சத்தம் வராமல், கதவைச் சாத்திவிட்டுப் படி இறங்கிப் போனாள்.